மாமியாருக்கு உடம்பு சரியில்லை

ரவுண்டானாவில் பயிற்சி வண்டி பாதி திரும்பியிருந்தபோதுதான், தன் உடம்பு மோசமான நிலையில் இருக்கிறது என்ற விஷயம் பிரேக்கம்மாவுக்குத் தெரியவந்தது.

சொன்னது வானொலி.

"வேட்பாளராக அறிவிக்கப்படுவார் என்று எதிர்பார்க்கப்பட்ட இளம் கவுன்சிலர் போட்டியிலிருந்து விலகிக்கொண்டார். படுத்த படுக்கையாக இருக்கும் மாமியாரைக் கவனித்துக்கொள்ள அவர் இந்த முடிவை எடுத்ததாகக் கட்சி வட்டாரம் தெரிவிக்கிறது. குடும்பமே முதல் கடமை என்று உணர்ந்த அவரது தியாகத்தைக் கட்சித் தலைவர் மனமாரப் பாராட்டியுள்ளார்."

பிரேக்கம்மாவின் வலது கால் தன் பக்கத்து பிரேக்கை ஓங்கி மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்தவர்கள் எல்லோரும் ஹாரனில் கையை வைத்தார்கள்.

ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்த வங்கிக் காசாளருக்கு வியர்த்துவிட்டது. ஓய்வு பெறுவதற்குள் கார் ஓட்டியே தீருவது என்று சபதம் எடுத்திருந்த மனிதர் அவர்.

"நான் ஏதாவது தப்பு பண்ணிட்டேனா மேடம்?"

"நீங்க ஒண்ணும் பண்ணலை. என்னைப் பாருங்க. நான் உட்கார்ந்திருக்கேனா, படுத்திருக்கேனா?"

"உட்கார்ந்துதான் இருக்கீங்க."

"இதை அந்த ரேடியோக்காரன்கிட்ட போய்ச் சொல்லுங்க!"

கைப்பேசி அடிக்க ஆரம்பித்தது. முதலில் தூரத்துச் சொந்தம் ஒருத்தி அழுதாள். இரண்டாவதாகக் கூப்பிட்ட மாணவன், "அம்மா, நாளைக்கு கிளாஸ் உண்டா? இல்லைன்னா கட்டின ஃபீஸ்..." என்று இழுத்தான்.

"உண்டு! செத்தாலும் உண்டு! காலையில ஷூ போட்டுட்டு வா, செருப்போட வந்தா வண்டியில ஏத்த மாட்டேன்!"

வைத்தாள். மறுபடி அடித்தது.

கணவன் போனபோது அவர் விட்டுப்போன பழைய கார் ஒன்றுதான் இருந்தது. அதை வைத்து ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்தவள் பிரேக்கம்மா. 'பொம்பளைகிட்ட போய் வண்டி கத்துக்கறதா' என்று கேட்டவர்களின் பிள்ளைகளே இன்றைக்கு அவளிடம் லைசென்ஸ் வாங்கிக்கொண்டு போகிறார்கள். காய்ச்சலோடும் வகுப்பு எடுத்திருக்கிறாள், இடுப்பு வலியோடும் எடுத்திருக்கிறாள். அப்படிப்பட்டவளை ஊரைக் கூட்டிப் படுக்கையில் கிடத்தியிருக்கிறார்கள்!

இதில் வேடிக்கை என்னவென்றால், மருமகள் தேர்தலிலிருந்து விலக வேண்டும் என்று அந்த வீட்டில் வாய்விட்டுச் சொன்னவளே பிரேக்கம்மாதான்.

போன வாரம் கட்சிக் கூட்டத்தில் வட்டத் தொண்டர்கள் கையைத் தூக்கி மருமகளை வேட்பாளராகத் தேர்ந்தெடுத்தார்கள். மறுநாளே ஜன்னலை உடைத்துக்கொண்டு கல் வந்தது. பேத்தி பாப்பாவின் கட்டில்மேல் விழுந்தது. பாப்பா பள்ளிக்கூடத்தில் இருந்ததால் தப்பித்தாள். கண்ணாடியைக் கூட்டி அள்ளிக்கொண்டே மாமியார் கத்தினாள்: "இந்த அரசியலும் வேண்டாம், ஒரு எழவும் வேண்டாம். தலை முழுகிட்டு வா!" மருமகளும் சும்மா இருக்கவில்லை. "பயமா இருந்தா நீங்க உங்க பொண்ணு வீட்டுல போய் இருங்க அத்தை" என்று சொல்லிவிட்டாள்.

அந்த வார்த்தை சுருக்கென்று தைத்துவிட்டது. அன்றிலிருந்து இருவருக்கும் நேரடிப் பேச்சு கிடையாது. பாப்பாதான் தபால்காரி. "பாட்டி, சாவி எங்கேன்னு அம்மா கேக்கறாங்க." "எங்கே எப்பவும் மாட்டுவேனோ அங்கேதான்னு சொல்லு."

இப்போது, அவள் கேட்டது நடந்துவிட்டது. சந்தோஷம்தானே வர வேண்டும்? கோபம்தான் வந்தது.

'எனக்கு நேரா ஒரு வார்த்தை சொல்ல வாய் வரலை. ஊருக்கெல்லாம் என்னைப் படுக்கப் போட்டுட்டாளா?'

"இறங்குங்க சார். இன்னைக்கு நான் ஓட்டறேன்" என்றாள்.

●

அதே நேரம், நகரத்தின் பழைய பகுதியில் ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் வாசலில் மருமகள் நின்றுகொண்டிருந்தாள்.

வாசல் என்றால் வெறும் வாசல். கதவு இல்லை. கட்டடத்தின் முன் கதவைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நிலையும் கீல் இருந்த ஓட்டைகளும்தான் மிச்சம். தெருநாயும் தெருவில் போகிற குடிகாரனும் நேராகப் படியேறலாம்.

"ரிப்பேருக்குப் போயிருக்கு மேடம்" என்றான் உரிமையாளரின் மேலாளன்.

"கதவுக்கு என்ன வியாதி?"

"அது... கொஞ்சம் இறங்கிடுச்சு."

"குடியிருக்கறவங்க பயந்து காலி பண்ணணும்னு கழட்டியிருக்கீங்க. போன கட்டடத்துல மாடிப்படி விளக்கைக் கழட்டினீங்க. சாயங்காலத்துக்குள்ள கதவு வரலைன்னா நாளைக்குக் கோர்ட்டுல பார்ப்போம்."

மூன்றாவது மாடியிலிருந்து ஒரு கைக்குழந்தைக்காரி எட்டிப் பார்த்து, "விடாதீங்கம்மா!" என்று கத்தினாள்.

மருமகளின் அரசியல் ஆரம்பித்ததே இப்படி ஒரு கட்டடத்தில்தான். சட்டம் முடித்த கையோடு, தண்ணீரை நிறுத்தி வாடகைக்காரர்களை விரட்டப் பார்த்த ஒரு வீட்டுக்காரர்மேல் வழக்குப் போட்டு ஜெயித்தாள். அங்கே குடியிருந்தவர்களே அவளைப் பிடித்துத் தள்ளி கவுன்சிலர் ஆக்கினார்கள். முன்னறிவிப்பு இல்லாமல் யாரையும் வெளியேற்றக் கூடாது என்று மாநகர மன்றத்தில் தீர்மானம் கொண்டுவந்தாள். அதன் பிறகு கட்சிக்கு அவள் செல்லப்பிள்ளை. சுவரொட்டியில் தலைவருக்குப் பக்கத்தில் அவள் முகம். 'நாளைய தலைமுறை நம் பக்கம்' என்று பெரிய எழுத்து.

கதவைக் கழற்றிய கட்டட முதலாளியும் அந்தக் கட்சிதான். சுவரொட்டிக்குக் காகிதம் வாங்கித் தருபவரே அவர்தான்.

கைப்பேசி அடித்தது. ஒரு நிருபர்.

"மேடம், மாமியாருக்கு இப்போ எப்படி இருக்கு?"

"என்ன ஆச்சு அவங்களுக்கு?"

"நீங்க பக்கத்துலதானே மேடம் இருக்கீங்க? படுத்த படுக்கையா இருக்காங்கன்னு..."

அதற்குமேல் அவள் காதில் எதுவும் விழவில்லை. மாமியாரின் எண்ணைக் கூப்பிட்டாள். லைன் பிஸி. மறுபடி பிஸி. கணவனைக் கூப்பிட்டாள். எடுக்கவில்லை.

தெருவில் போன டாக்சியைக் கையைக் காட்டி நிறுத்தி ஏறினாள். வழியெல்லாம் ஒரே வாக்கியம் மண்டைக்குள் குடைந்தது. 'உங்க பொண்ணு வீட்டுல போய் இருங்க அத்தை.' கடைசியாகப் பேசியது அதுவாகவே போய்விடுமோ? காலையில் காலணி மாட்டும்போது பாத்ரூம் கதவுக்குப் பின்னால் மாமியாரின் இருமல் கேட்டது. நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. வீம்பு.

பயிற்சிப் பள்ளி கீழே, வீடு மேலே. டாக்சி நின்றதும் இறங்கி ஓடினாள். எதிரே சிவப்பு எழுத்து எழுதிய பயிற்சி வண்டி சர்ரென்று வந்து நின்றது. உள்ளேயிருந்து மாமியார் இறங்கிக் கதவை அறைந்து சாத்தினாள்.

மருமகள் அப்படியே கட்டிக்கொண்டுவிட்டாள்.

பிரேக்கம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இப்படி ஒரு காரியம் நடந்ததில்லை. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் தடுமாறி, பிறகு கோபம் நினைவுக்கு வந்து அவளை விலக்கினாள்.

"நடிப்பெல்லாம் அப்புறம். உனக்குத் தேர்தல்ல நிக்கப் பயம்னா உன் தலைவலியைச் சொல்லு. என்னை எதுக்குப் படுக்க வைக்கிற?"

"நான் என்ன அத்தை பண்ணினேன்? உங்களுக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு ஓடி வரேன்!"

"விலகிட்டியாமே? எனக்குப் பணிவிடை செய்யறதுக்காம். உலகமே சொல்லுது."

"விலகலையே! யார் சொன்னா?"

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். ஒரு வாரமாகப் பேசாத இருவர், நடுத்தெருவில், ஒரே நேரத்தில் ஒரே விஷயத்தைப் புரிந்துகொண்டார்கள்.

"நீ சொல்லலையா?"

"சத்தியமா இல்லை."

"அப்போ எந்த எடுபட்டவன் சொன்னான்?"

மருமகள் மாவட்டச் செயலாளரைக் கூப்பிட்டு ஸ்பீக்கரில் போட்டாள். தேன் வழிகிற குரல்.

"சொல்லும்மா தங்கச்சி. தலைவர் உன்னை நினைச்சு உருகிட்டார். மாமியாரை நல்லாப் பார்த்துக்கோ. அடுத்த தேர்தல் உனக்குத்தான்."

"அண்ணே, நான் விலகறேன்னு உங்ககிட்ட யார் சொன்னது?"

"என்னம்மா இப்படிக் கேக்கற? உன் வீட்டுக்காரர்தானே சொன்னார்! குடும்பத்துக்குள்ள பேசி முடிவு பண்ணிட்டோம்னு. நாங்களா வாயில வந்ததைச் சொல்லுவோம்?"

லைன் துண்டிக்கப்பட்டது.

"என் பிள்ளையா?" என்றாள் பிரேக்கம்மா. குரல் உள்ளே போயிருந்தது. பிறகு சாவியை எடுத்தாள். "ஏறு வண்டியில."

●

பிரேக்கம்மாவின் மகனை அக்கம்பக்கத்தில் 'பல் டாக்டர்' என்பார்கள். அவன் டாக்டர் இல்லை. டாக்டர்கள் அனுப்பும் அச்சுக்குப் பல் செட் செய்து கொடுப்பவன். ஒரு சின்ன அறை, ஒரு மேஜை, சுழலும் மோட்டார், அலமாரி நிறைய ஊர்க்காரர்களின் வாய்கள். நாள் முழுக்கப் பேசாமல் வேலை செய்வான். பேச்செல்லாம் மனைவிக்கு, சத்தமெல்லாம் அம்மாவுக்கு என்று விட்டுவிட்டவன்.

இருவரும் சேர்ந்து உள்ளே வந்ததைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது. மோட்டாரை நிறுத்தினான்.

"எனக்கு என்னடா வியாதி?" என்றாள் அம்மா. "பேரைச் சொல்லு. நாலு பேர் கேட்டா சொல்லணுமில்ல?"

"அம்மா..."

"வாதமா? நெஞ்சுவலியா? எத்தனை நாள் கெடு?"

"ஏதாவது குடும்பக் காரணம் சொன்னாப் போதும்னார் செயலாளர். எனக்கு வேற எதுவும் தோணலை."

"பெத்தவளைப் படுக்க வைக்கிறதுதான் தோணிச்சா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் கத்தியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் மெதுவாகத்தான் கேட்டாள்.

"என்னை ஏன் கேட்கலை?"

"கேட்டா மாட்டேன்னுதான் சொல்லியிருப்ப."

"அது தெரிஞ்சுதான் கேட்கலை. இல்லையா?"

அவன் தலை குனிந்தான். மேஜைமேல் பாதி மெருகேறிய பல்வரிசை ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. அதைத் திருப்பி வைத்தான்.

"வீடு வீடா போய், உங்களுக்காக யாரும் முடிவு எடுக்க விடாதீங்கன்னு சொல்றேன். கைத்தட்டறாங்க. என் வீட்டுல என் புருஷன் என்னைத் தேர்தல்லேர்ந்து எடுத்துட்டான். அதை நான் ரிப்போர்ட்டர் சொல்லிக் கேக்கறேன். நீ என்னை ஊமைன்னு நினைச்சியா?"

"பாப்பா கட்டில்ல அந்தக் கல் கிடந்ததை நான்தான் எடுத்தேன்!" அவன் குரல் திடீரென்று உயர்ந்தது. அந்த அறையில் அந்த அளவுக்குச் சத்தமாக அவன் பேசியதே இல்லை. "தலையணைமேல இருந்துச்சு. அவ தலை வைக்கிற இடம். நீ போலீஸுக்குப் போனே, பேட்டி கொடுத்தே, தைரியமா இருந்தே. எனக்குத் தைரியம் இல்லை. ராத்திரியெல்லாம் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கேன். அப்போதான் செயலாளர் இங்கே வந்தார். நல்ல விதமாதான் பேசினார். அவ மட்டும் ஒதுங்கிக்கிட்டா இனிமே கல் வராது, அதுக்கு நான் பொறுப்புன்னார்..."

"இரு" என்றாள் மருமகள். "என்ன சொன்னார்?"

"அவ ஒதுங்கிக்கிட்டா..."

"அதுக்கு அப்புறம்."

"இனிமே கல் வராது. அதுக்கு நான்..."

அவன் நிறுத்திக்கொண்டான். 

"கல் வராதுன்னு அவரால எப்படிப் பொறுப்பு ஏத்துக்க முடியும்?" என்று அவனே கேட்டான், யாரையும் பார்க்காமல்.

 

பிரேக்கம்மா பக்கத்தில் இருந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். இத்தனை நேரம் கொதித்த கோபம் வேறு, இப்போது வந்த கோபம் வேறு. இது சத்தம் போடவில்லை. "வீட்டுக்கு வந்து டீ குடிச்சவன்டா அவன். பாப்பாவைத் தூக்கி மடியில வச்சுக்கிட்டவன்" என்றாள்.

"இதை வெளியில சொல்லுவியா?" என்று கணவனைக் கேட்டாள் மருமகள். "அவர் சொன்னதைக் கேட்டவன் நீ ஒருத்தன்தான். நான் சொன்னா வதந்தி. சீட்டுக் கிடைக்காத வயித்தெரிச்சல்ம்பாங்க."

 

"பாப்பா இருக்கா" என்றான்.

"பாப்பா இருக்கறதாலதான் கேக்கறேன்."

அவன் மேஜைமேல் இருந்த தூளைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் சற்று நேரம் நின்று பார்த்துவிட்டு வெளியே போய்விட்டாள்.

"நான் பெத்ததுதான்" என்று மகனைப் பார்த்துச் சொன்னாள் பிரேக்கம்மா. "ஆனா இன்னைக்கு உனக்குப் பரிஞ்சு ஒரு வார்த்தை எனக்கு வரலைடா."

●

புது வேட்பாளரை அறிவிக்கும் கூட்டம்; கட்சி அலுவலகத்தின் கூட்ட அறை நிரம்பி வழிந்தது. மின்விசிறிகள் சூட்டைச் சுற்றிச் சுற்றி விநியோகித்தன. மேடைக்குப் பின்னால் பெரிய சுவரொட்டி. 'நாளைய தலைமுறை நம் பக்கம்.' மருமகளின் முகம் இன்னும் அதில் சிரித்துக்கொண்டிருந்தது. முகம் வேண்டும், ஆள் வேண்டாம்.

ஒலிவாங்கி முன்னால் தலைவர். முதல் வரிசையில் புது மாலையும் பழைய சிரிப்புமாகக் கட்டட முதலாளி.

"பெண்களைப் போற்றும் கட்சி இது" என்று தலைவர் கையை உயர்த்தினார். "நம் தங்கை பதவியைத் துறந்திருக்கிறார். எதற்காக? ஒரு தாயின் உயிருக்காக! படுக்கையில் கிடக்கும் மாமியாருக்கு ஒரு வாய்த் தண்ணீர் கொடுப்பதற்காக! இந்தத் தியாகம்..."

"ஐயா, ஒரு நிமிஷம்."

குரல் வாசல் பக்கமிருந்து வந்தது. எல்லோரும் திரும்பினார்கள். நடுவழியில் ஒரு பெண்மணி விறுவிறுவென்று நடந்து வந்துகொண்டிருந்தாள். கையில் வண்டிச் சாவி.

"நான்தான் அந்தப் படுத்த படுக்கை" என்றாள் பிரேக்கம்மா.

யாரோ ஒருவன் குபீரென்று சிரித்தான். அது அறை முழுவதும் தொற்றிக்கொண்டது. "பிரேக்கம்மாடா! எனக்கு லைசென்ஸ் வாங்கிக் கொடுத்தவங்க!" என்று பின்வரிசையில் ஒருவன் எழுந்தே நின்றுவிட்டான்.

தலைவர் பழம் தின்று கொட்டை போட்டவர். சிரிப்பு அடங்கும்வரை காத்திருந்தார்.

"அம்மா பூரண நலத்தோடு வந்திருப்பதில் எங்களுக்குத்தான் மகிழ்ச்சி..."

"எப்போ நலமில்லாம இருந்தேன்? எந்த டாக்டர் சொன்னார்? என் பேரைச் சொல்லி ஒரு பொய்யை ரேடியோவுல விட்டிருக்கீங்களே, ஒருத்தராவது என் வீட்டுப் படியேறி வந்து பார்த்தீங்களா? சரி, நான் நல்லா இருக்கேன். எனக்குத் தண்ணி நானே குடிச்சுக்குவேன். இப்போ இவளை நிறுத்த வேண்டியதுதானே? என்ன தடை?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் தரையைப் பார்த்தார்.

மாமியாருக்குப் பின்னால் வந்த மருமகள் மேடை ஏறினாள். ஒலிவாங்கியைத் தொட்டதும் அது செத்துப்போனது. யாரோ இணைப்பைப் பிடுங்கியிருந்தார்கள். தண்ணீர் நிறுத்திய கட்டடங்களின் மாடிப்படிகளில் நின்று பேசிப் பழகிய குரல் அவளுடையது. ஒலிபெருக்கி இல்லாமலே கடைசி வரிசைவரை போனது.

"நான் விலகலை. விலகறேன்னு யாருக்கும் சொல்லலை. நீங்க கையைத் தூக்கி என்னைத் தேர்ந்தெடுத்தீங்க. அந்தக் கையை வெட்டறதுக்கு இவங்களுக்கு ஒரு காரணம் தேவைப்பட்டது. பொம்பளை ஒதுங்கினாள்னா காரணத்துக்கு எங்கேயும் அலைய வேண்டாம். மாமியார் இருக்காங்க, குழந்தை இருக்கு, அடுப்பு இருக்கு. மாமனாருக்கு உடம்பு சரியில்லைன்னு எந்த ஆம்பிளையாவது சீட்டை விட்டதா இந்த மேடையில என்னைக்காவது சொல்லியிருக்கீங்களா?"

பெண்கள் உட்கார்ந்திருந்த பக்கத்திலிருந்து கைத்தட்டல் எழுந்தது. அது மற்ற வரிசைகளுக்கும் பரவியது.

"காலையில ஒரு கட்டடத்துக்குப் போயிருந்தேன். முன் கதவைக் காணோம். குழந்தையை வச்சுக்கிட்டுத் திறந்த வீட்டுல தூங்கறாங்க. கதவைக் கழட்டினவர் யாருன்னு கேக்கறீங்களா? அதோ, மாலை போட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கார். அவருக்குத்தான் என் இடம்."

கட்டட முதலாளியின் கை தன்னையறியாமல் மாலையைத் தொட்டது.

"போதும்மா!" தலைவர் மேஜையைத் தட்டினார். "மேலிடம் முடிவு எடுத்தாச்சு. கட்டுப்பாடு உள்ள கட்சி இது. கட்டுப்பட முடியாதவங்களுக்கு வாசல் திறந்துதான் இருக்கு."

கடைசி வரிசையில், போன வாரம் முதலில் கையைத் தூக்கிய ஒரு பேருந்து நடத்துநர் எழுந்து நின்று மறுபடி கையைத் தூக்கினார். பக்கத்தில் ஒரு பெண் தூக்கினாள். அங்கொன்றும் இங்கொன்றுமாக இன்னும் சில கைகள். மேடையில் இருந்தவர்கள் அதைப் பார்க்காதவர்கள்போல் கட்டட முதலாளியின் பெயரை அறிவித்தார்கள். காகிதத்தைப் பார்த்துப் படித்தார்கள். அச்சடித்து வைத்திருந்தார்கள்.

மருமகள் மேடையை விட்டு இறங்கினாள். பொது இடத்தில் அழுவதில்லை என்பது அவள் பழக்கம். அன்றும் அழவில்லை. ஆனால் கடைசிப் படியில் கால் தடுமாறியது. மாமியார் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள்.

"வா. இங்கே நம்ம வேலை முடிஞ்சுது."

●

முற்றத்தில் நிருபர்கள் வளைத்துக்கொண்டார்கள். உள்ளேயிருந்து கணிசமான கூட்டமும் அவர்களோடு வெளியே வந்திருந்தது.

"மேடம், அடுத்து என்ன?"

"நாளைக்கு மனுத்தாக்கலுக்குக் கடைசி நாள். சுயேச்சையா நிக்கறேன்."

"ஜெயிப்பீங்களா?"

"தெரியாது. ஆனா இந்தத் தடவை விலகறதா இருந்தா நானே வந்து சொல்றேன்."

ஒரு நிருபர் ஒலிவாங்கியைப் பிரேக்கம்மாவின் பக்கம் நீட்டினான். "அம்மா, மருமகளோட அரசியலுக்கு உங்க முழு ஆதரவு உண்டா?"

"கிடையாது" என்றாள் பிரேக்கம்மா பட்டென்று. "புருஷனை வா, போன்னு கூப்பிடறா. சொன்ன பேச்சு கேக்க மாட்டா. அரசியல் வேண்டாம்னு போன வாரம்தான் சண்டை போட்டேன். நாளைக்கும் போடுவேன். அது என் வீட்டுச் சண்டை. நான் அவ முகத்துக்கு நேரா போடறது. இவங்க யாரு, என்னைப் படுக்கையில போட்டு, என்மேல ஏறி நின்னு அவ இடத்தைப் பிடுங்கறதுக்கு?"

மருமகளுக்கு அந்த நிலையிலும் சிரிப்பு வந்தது.

"அப்போ அந்தப் பொய்யைக் கட்சிக்குச் சொன்னது யாரும்மா?"

சிரிப்பு நின்றது.  சொல்லிவிடுவது சுலபம். ஆனால் மாமியார், மருமகள் இருவரில் ஒருவருக்கும் வாய் வரவில்லை.

"நான்தான்."

கூட்டம் விலகியது. வாயிற்கதவுப் பக்கத்தில் அவன் நின்றுகொண்டிருந்தான். சட்டையில், முடியில், புருவத்தில் எல்லாம் பல் செட் தூளின் வெள்ளை. வேலை மேலங்கியைக் கழற்றக்கூட மறந்து ஓடி வந்திருக்கிறான்.

"எங்கம்மாவுக்கு ஒண்ணும் இல்லை. என் மனைவி விலகலை. அவளைக் கேட்காம நான் பொய் சொன்னேன்."

ஒலிவாங்கிகள் எல்லாம் அவன் பக்கம் திரும்பின. மூன்று பேர் சேர்ந்தாற்போல் பேசினாலே திணறுகிறவன் அவன்.

"ஏன் சொன்னீங்க? யாராவது சொல்லச் சொன்னாங்களா?"

அவன் மனைவியைப் பார்த்தான். அவள் தலையசைக்கவும் இல்லை, கண்ணை எடுக்கவும் இல்லை.

அப்போதுதான் படிக்கட்டின் மேலிருந்து அந்தத் தேன் குரல் இறங்கி வந்தது.

"என்ன சார், இங்கேயே நின்னுட்டீங்க? பாப்பாவுக்கு ஸ்கூல் விடற நேரமாச்சே. கூட்டிட்டு வரப் போகலையா?"

செயலாளர் அன்பாகத்தான் கேட்டார். நிருபர்கள் காதில் அக்கறையாகத்தான் விழுந்திருக்கும். மூன்று பேருக்கு மட்டும் அந்தக் கல் நினைவுக்கு வந்தது.

அவனுடைய ஒரு கால் தானாகப் பின்னால் போனது.

பிரேக்கம்மா செயலாளரை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு மகனிடம் வந்து, அவன் சட்டையில் இருந்த வெள்ளைத் தூளை இரண்டு தட்டுத் தட்டிவிட்டாள்.

"பாப்பாவை நான் போய்க் கூட்டிட்டு வரேன். என் வண்டியை எவனும் மறிக்க முடியாது. நீ பேச வந்ததைப் பேசு."

திரும்பிப் பார்க்காமல் போனாள். வண்டி கிளம்பும் சத்தம் கேட்டது.

மருமகள் நகர்ந்து வந்து கணவன் பக்கத்தில் நின்றாள். அவனைத் தொடவில்லை. மன்னித்துவிட்டதாக முகத்தில் ஒரு கோடுகூட இல்லை. அது வேறு கணக்கு, வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டியது.

"சொல்லு" என்றாள்.

 "போன வாரம் எங்க வீட்டு ஜன்னலை உடைச்சுக்கிட்டு ஒரு கல் வந்துச்சு" என்று ஆரம்பித்தான்.

படிக்கட்டில் நின்ற செயலாளர் புன்னகை மாறாமல் கைப்பேசியை எடுத்துக் காதில் வைத்துக்கொண்டார்.